மூணு டிரைவ், ஒரு எஸ்எஸ்எச்: இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் எப்படி?

மெஷின் அம்பத்தூரில், மச்சானின் பட்டறை மாடியில். நான் மதுரையில். உள்ளே மூணு டிரைவ்: என்விஎம்ஈ-யில் டெபியன் (லினக்ஸில் ஒரு வகை), சாட்டா எஸ்எஸ்டி-யில் விண்டோஸ், பெரிய ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப். பகலில் லேசர் கட்டிங் சாஃப்ட்வேருக்கு விண்டோஸ் வேண்டும் (லைசென்ஸ் சாவியாகச் செருகும் டாங்கிள் வேறு கேட்கும், அதனால் வர்ச்சுவல் மெஷின் பேச்சுக்கே இடமில்லை). ராத்திரி பேக்கப்புக்கு டெபியன். மானிட்டர் முன்னால் உட்கார்ந்து பூட் மெனுவில் தேர்ந்தெடுக்க அங்கே ஆள் கிடையாது.

இதை எஸ்எஸ்எச் (தூரத்து மெஷினில் கமாண்ட் அடிக்கும் வழி) வழியாகவே முடித்துக்கொடுப்பது இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் என்ற லினக்ஸ் கருவி. இலவசம், டெபியன் களஞ்சியத்திலேயே இருக்கிறது. எங்கள் வட்டத்தில் இதற்கு 'வாத்தியார்' என்று பட்டப்பெயர். ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

ரூட்டாக (நிர்வாகி உரிமையோடு) கருவியின் வெறும் பெயரை அடித்தால், எதிலிருந்தெல்லாம் கிளம்பலாம் என்ற என்ட்ரிகள் பூட்0000, பூட்0001 என்று பட்டியலாக வந்து விழும். அந்தப் பட்டியல் எந்த டிரைவிலும் இல்லை, மதர்போர்டின் என்விரேமில் (கரண்ட் போனாலும் அழியாத நினைவகம்) இருக்கிறது. அதனால்தான் டிரைவைக் கழற்றி இன்னொரு மெஷினில் மாட்டினால் என்ட்ரி கூடவே வருவதில்லை.

நான் இதற்கு அடிமையானது '-என்' என்ற ஒரே ஆப்ஷனால். '-என் 0002' கொடுத்து ரீபூட் செய்தால் அடுத்த ஒரு தடவை மட்டும் விண்டோஸ். போர்டு அந்தக் குறிப்பைப் படித்ததுமே அழித்துவிடும், அதற்கடுத்த ரீஸ்டார்ட் தானாக டெபியனுக்குத் திரும்பும். விண்டோஸ் பாதியில் தொங்கினால் "மச்சான், பட்டனை அழுத்திப் பிடிச்சு ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று ஒரு போன் போதும். வரிசையையே மாற்றும் '-ஓ'வுக்கு இந்தத் தயவு இல்லை. தப்பான டிரைவை முதலில் வைத்து, அதுவும் கிளம்பாமல் நின்றால், பஸ் டிக்கெட் போட வேண்டியதுதான். தூரத்து மெஷினில் '-ஓ'வைத் தொடவே தொடாதீர்கள் என்பேன். குறைந்தபட்சம் '-என்' போட்டு ஒருமுறை பார்த்த பிறகு தொடுங்கள்.

குறைகளும் உண்டு, அவை கையைக் கடிக்கிற வகை. '-சி' போட்டுப் புது என்ட்ரி சேர்க்கும்போது '-டி'யில் டிரைவைச் சொல்லாவிட்டால், கேட்காமலே எஸ்டிஏ (லினக்ஸ் ஒரு டிரைவுக்கு வைக்கும் பெயர்) என்று எடுத்துக்கொள்ளும். என் மெஷினில் எஸ்டிஏ என்பது சில நாள் எஸ்எஸ்டி, சில நாள் பேக்கப் டிஸ்க், ஏனென்றால் அந்தப் பெயர்கள் நிலையானவை அல்ல. போதாததற்குப் புது என்ட்ரியை வரிசையின் தலையிலேயே உட்காரவைக்கும். வரிசையைத் தொடாமல் சேர்க்க '-சி'யைப் பெரிய எழுத்தில் போட வேண்டும். அழிக்கும்போது "நிச்சயமா?" என்றுகூடக் கேட்காது. எண்கள் ஹெக்ஸாடெசிமல், 0009-க்கு அடுத்தது 000ஏ.

மூணு டிரைவ்காரர்களுக்கு இன்னொன்று. என்ட்ரி டிரைவை அடையாளம் காண்பது பார்ட்டிஷனின் (டிரைவில் பிரித்த பகுதி) ஜியூஐடி-யை, அதாவது அதன் தனி அடையாள எண்ணை வைத்து. டிடி கமாண்டால் டிரைவை அப்படியே நகலெடுத்து இரண்டையும் மாட்டியே வைத்தால், ஒரே ஜியூஐடி-யில் இரண்டு பார்ட்டிஷன். எது கிளம்பும் என்பது போர்டின் மனசைப் பொறுத்தது. நகலின் ஜியூஐடி-யை மாற்றிவிட்டுத்தான் நான் ரீபூட் செய்வேன்.

பயாஸ் திரையையே (லினக்ஸோ விண்டோஸோ கிளம்பும் முன் வரும் செட்டிங்ஸ் திரை) தூரத்திலிருந்து பார்க்க வேண்டுமென்றால் இந்தக் கருவி உதவாது. ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் ஓடும் பைகேவிஎம் மாதிரி ஒன்றுக்குத் தனியாகச் செலவழிக்க வேண்டும். பட்டறை மெஷினுக்கு அது தேவைப்படவில்லை. ஆஸ்பத்திரி சர்வர் என்றால் வாங்கிவிட்டுத்தான் தூங்குவேன்.

ஐந்துக்கு நாலு. அந்த எஸ்டிஏ வழக்கத்துக்காக ஒன்று குறைத்தேன். இஎஃப்ஐ என்ற புது முறையில் இல்லாமல் பழைய லெகசி பயாஸ் முறையில் கிளம்பும் மெஷின் என்றால் "இஎஃப்ஐ மாறிகள் இல்லை" என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்ளும். அங்கே கிரப் என்ற லினக்ஸ் பூட் மெனுவோடு வரும் கிரப்-ரீபூட் பாருங்கள், ஒரு தடவைக்கு மட்டும் மாற்றும் வசதி அதிலும் இருக்கிறது.