வாவுபெஸ், மெசோஅமெரிக்கா: மொழித் தொடர்பை எது தெளிவாகக் காட்டுகிறது?

உறவில்லாத மொழிகள் அக்கம்பக்கத்தில் வாழ்ந்தே ஒன்றுபோல் மாறியதற்கு இரண்டு பூர்வகுடிப் பகுதிகளை ஒப்பிடலாம்.

முதலாவது, பிரேசில்–கொலம்பியா எல்லையில் உள்ள வாவுபெஸ் ஆற்றுப் படுகை. அங்கே ஒரே மொழிக்குழுவுக்குள் மணம் செய்வதில்லை, அதனால் வீட்டுக்கு வீடு பல மொழிகள். ஆனால் வேற்றுமொழிச் சொல்லைக் கலந்து பேசினால் இழுக்கு. அப்புறம் என்ன, சொற்கள் வாசலிலேயே நின்றுவிட, இலக்கணம் உள்ளே வந்துவிட்டது. அராவாக் மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த தரியானா மொழியில் ‘அவன் மீன் பிடித்தான்’ என்று சும்மா சொல்லிவிட முடியாது. கண்ணால் பார்த்ததா, சத்தம் கேட்டு அறிந்ததா, தடயம் கண்டு ஊகித்ததா, பொது அறிவால் அனுமானித்ததா, பிறர் சொன்னதா என்பதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும். இந்த ஐந்து பிரிவுகளில் பெரும்பகுதி அக்கம்பக்கத்தில் பேசப்படும், வேறு குடும்பத்தைச் சேர்ந்த துகானோ மொழிகளின் தாக்கத்தால் வந்தது.

இரண்டாவது, மெக்சிகோவிலிருந்து மத்திய அமெரிக்கா வரை நீளும் மெசோஅமெரிக்கா. அங்கே பரப்பு பெரிது; மாயன், நவாட்டில் அடங்கும் யூட்டோ–அஸ்டெக், மிஹே–சோக்கே, ஓட்டோமாங்கே என்று குடும்பங்களும் பல. 1986-இல் கேம்பெல், காஃப்மன், ஸ்மித்-ஸ்டார்க் என்ற மொழியியலாளர்கள் மூவரும் இப்பகுதிக்கு ஐந்து பொதுக்கூறுகளை முன்வைத்தார்கள். ‘அந்த மனிதனின் நாய்’ என்பதை ‘அவனுடைய-நாய் அந்த மனிதன்’ என்று சொல்லும் உடைமை அமைப்பும் இருபதின் அடிப்படையிலான எண்முறையும் அவற்றில் சில. எனக்கு முக்கியமாகப் படுவது சொல்வரிசைதான்: வினையில் வாக்கியம் முடியும் மொழிகள் இந்த எல்லைக்கு வடக்கிலும் தெற்கிலும் உண்டு, உள்ளே இல்லை.

எல்லைக்கோடு வரைய மெசோஅமெரிக்காவே வசதி. ஆனால் இலக்கணம் எப்படிக் கைமாறுகிறது என்று பார்க்க வேண்டுமா, நான் வாவுபெஸைத்தான் தேர்ந்தெடுப்பேன். அங்கே காரணமான திருமண வழக்கமே கண்ணெதிரே இருக்கிறது.