காதுக்கு அச்செடுத்துச் செய்த இன்-இயர்: முதல் கேட்பில் பட்டவை

என் காதுக்கு அச்செடுத்து அதன் அளவுக்கே செய்யும் கஸ்டம் இயர்போன் செய்யக் கொடுத்திருக்கிறேன் என்று சொன்னதுமே நண்பர்கள் கேட்டது, "எத்தனை டிரைவர்?" டிரைவர் என்பது இயர்போனுக்குள் ஒலி எழுப்பும் குட்டி உறுப்பு. ஒரு காதுக்கு மூன்று. கீழ்ஸ்தாயிக்கு ஒன்று, நடுப்பகுதிக்கு ஒன்று, மேல்ஸ்தாயிக்கு ஒன்று. மூன்றுமே பேலன்ஸ்டு ஆர்மேச்சர் என்ற வகை, அது என்ன என்று பின்னால் சொல்கிறேன். இப்போது பொருள் வந்து, காதில் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இனி யாராவது கஸ்டம் வாங்குவதாகச் சொன்னால் நான் கேட்கப்போகும் முதல் கேள்வி வேறு: "அச்சு யாரிடம் எடுக்கப் போறீங்க?"

செய்த நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. இடது காதுக்கான துண்டில் ஒரு குறை இருக்கிறது, அதைச் சரிசெய்யும் வேலை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. அது முடியும் முன் பெயர் சொல்வது நியாயமில்லை.

நான் சிறுவயதில் மிருதங்கம் கற்றுக்கொண்டவன். மேடை ஏறும் அளவுக்குப் போகவில்லை, ஆனால் காது அங்கேதான் பழகியது. வேலைக்குத் தினமும் தாம்பரத்திலிருந்து பீச் வரை மின்சார ரயில். கேட்பது பெரும்பாலும் கச்சேரிப் பதிவுகள், அப்புறம் எண்பதுகளின் திரைப்பாடல்கள். இதுவரை வைத்திருந்தவை எல்லாம் ரப்பர் டிப் போட்ட சாதாரண இன்-இயர்கள். என் வலது காதுத் துளை இடதைவிடக் குறுகல். ஒரு பக்கம் சிறிய டிப், மறுபக்கம் நடுத்தரம் என்று மாட்டிப் பார்த்தாலும் பல்லாவரம் வருவதற்குள் ஒன்று நழுவிவிடும். நழுவிய பக்கம் மிருதங்கத்தின் தொப்பி, அதாவது இடது பக்கத்தின் கீழ்ஸ்தாயி ஒலி, காணாமல் போகும். கஸ்டம் பக்கம் போனதற்கு அதுதான் காரணம்.

அச்சு எடுத்தது காது கேட்கும் கருவி பொருத்தித் தரும் ஒரு நிலையத்தில். ஆடியாலஜிஸ்ட் ஒரு இளம் பெண். முதலில் விளக்கோடு கூடிய கருவியால் இரண்டு காதுகளையும் உள்ளே பார்த்தார். வலது காதில் கொஞ்சம் மெழுகு இருந்தது. அதை எடுத்த பிறகுதான் மேற்கொண்டு வேலை. "இதோட எடுத்தா அச்சுல பள்ளம் விழும் சார்" என்றார். பிறகு நூல் கட்டிய சிறிய ஸ்பாஞ்சுத் துண்டைக் காதுக்குள் தள்ளினார். செவிப்பறைக்குப் பாதுகாப்பு அதுதான். அது எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. காதுத் துளை நேரான குழாய் கிடையாது, இரண்டு இடத்தில் வளைகிறது. இரண்டாவது வளைவையும் தாண்டி ஸ்பாஞ்சு நின்றால்தான் அச்சில் அந்த வளைவு பதியும். அது பதிந்தால்தான் இயர்போனின் முனை எந்தப் பக்கம் நோக்க வேண்டும் என்று செய்கிறவருக்குத் தெரியும். ஸ்பாஞ்சு அங்கே தொடும்போது இருமல் வருவது போல ஒரு கூச்சம், வலி இல்லை.

அப்புறம் இரண்டு நிறத்தில் இருந்த சிலிக்கோன் பசையைப் பிசைந்து, ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் அடைத்து, உள்ளிருந்து வெளியே நிரப்பிக்கொண்டு வந்தார். சில்லென்று உள்ளே பரவுகிறது. ரோட்டுச் சத்தம், ஃபேன் சத்தம் எல்லாம் ஒவ்வொன்றாக அணைகின்றன. "பேசாதீங்க, எச்சில் முழுங்காதீங்க, தாடையை அசைக்காதீங்க சார்." அது இறுக ஐந்து நிமிடம் போல ஆனது. வெளியே எடுத்ததும் கையில் கொடுத்தார். கடற்கரையில் பொறுக்கும் சங்குத் துண்டு போல, ரோஸ் நிறத்தில், என் காதின் உட்புறம். வலது அச்சில் முனைக்கு அருகே ஒரு காற்றுக் குமிழி விழுந்திருந்தது. "இது வேண்டாம், இன்னொண்ணு எடுத்துடலாம்" என்று அவராகவே சொல்லி மறுபடி எடுத்தார். நான் கேட்கவே இல்லை. அந்த வேலை ஒழுங்குக்காகவே அந்த நிலையத்தை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பாட்டு கேட்கும் பொருளுக்கு ஏன் காது கேட்கும் கருவி நிலையம் என்று வீட்டில் கேட்டார்கள். இந்தப் பொருளே அந்தத் தொழிலிலிருந்து வந்ததுதான். பேலன்ஸ்டு ஆர்மேச்சர் என்பது காது கேட்கும் கருவிக்குள் இருக்கும் சிறு ஒலிப்பெட்டி. காந்தங்களுக்கு நடுவே ஒரு மெல்லிய உலோக நாக்கு அதிர்ந்து, ஒரு கம்பி வழியாகச் சவ்வை அசைக்கிறது. காதுக்கு அச்செடுத்து அதற்குள் உட்காரும் வெளி ஓடு செய்யும் கைவேலையும் அங்கிருந்துதான். அதை மேடைக்கு எடுத்துப் போனவர்களில் முக்கியமானவர் வான் ஹேலன் ராக் குழுவின் ஒலிப் பொறியாளர் ஜெர்ரி ஹார்வி. டிரம்மர் அலெக்ஸ் வான் ஹேலனுக்காகச் செய்யத் தொடங்கி, 1995இல் அல்டிமேட் இயர்ஸ் நிறுவனத்தை ஆரம்பித்தார். ஜப்பானில் ஃபிட்இயர் என்ற பெயரில் கஸ்டம் செய்பவர்கள் ஒரு பல் கட்டும் ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள். வாய்க்கு அளவாக அக்ரிலிக்கில் பல் செய்யத் தெரிந்தவர்களுக்குக் காதுக்கு ஓடு செய்வது இயல்பாகவே வந்திருக்க வேண்டும்.

இனி பொருளுக்கு வருகிறேன். கேபிள், டப்பா, மெழுகு எடுக்கும் குட்டிக் கொக்கி எல்லாம் சரியாக இருக்கின்றன. ஓடு தெளிவான அக்ரிலிக். உள்ளே மூன்று டிரைவர்களும் அவற்றிலிருந்து வரும் மெல்லிய குழாய்களும் கண்ணுக்குத் தெரிகின்றன. மினுமினுப்பு அழகு. எங்கும் பிசிறு இல்லை.

மாட்டுவதற்குக் கை பழக வேண்டும். நேராகத் தள்ளினால் போகாது. முன்பக்கம் சாய்த்து உள்ளே விட்டு, பின்பக்கம் திருக வேண்டும். காதின் மேல் மடிப்பில் ஓடு போய் உட்காரும்போது ஒரு மெல்லிய உறிஞ்சல் தெரியும். அந்த நொடி அறை மாறிவிடுகிறது. மிக்ஸி ஓடுவது தெரியும், உறுத்தாது. மனைவி பக்கத்தில் நின்று கூப்பிட்டால் உதடு அசைவதுதான் தெரிகிறது. இந்த வகை அக்ரிலிக் ஓடுகள் 26 டெசிபல் அளவுக்கு வெளிச்சத்தம் குறைக்கும் என்று செய்கிறவர்கள் சொல்வது வழக்கம். என்னிடம் அளக்கும் கருவி இல்லை, ஆனால் ரயிலில் வித்தியாசம் தெளிவு. பேச்சு, செல்போன் ரீல்ஸ் சத்தம், சுண்டல் விற்பவர் குரல் எல்லாம் வெகுதூரம் போய்விடுகின்றன. மோட்டாரின் அடித்தொண்டை உறுமல் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அந்த உறுமலை அடக்குவதில் நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன்தான் சிறந்தது. மனிதக் குரலை அடக்குவதில் இது.

அதன் மறுபக்கம், உள்ளே இருக்கும் சத்தம் வெளியே போக வழியில்லை. நடந்தால் காலடி தலைக்குள் இடிக்கிறது. பேசினால் என் குரலே பானைக்குள்ளிருந்து வருகிறது. எலும்பு வழியாக வரும் அதிர்வு அடைபட்ட துளைக்குள் சிக்கிக்கொள்வதால் இப்படி. ஆகவே இது உட்கார்ந்து கேட்கும் பொருள். தண்டவாளத்தைக் கடக்கும்போதும் ரோட்டிலும் இதைக் காதில் வைத்திருக்கவே கூடாது. ஹாரன் கேட்காது. பிளாட்பாரத்தில் இறங்கும் முன் கழற்றிவிடுகிறேன்.

முதலில் கேட்டது வானொலியில் பதிவான ஒரு பழைய தோடி ஆலாபனை. தம்பூராவின் நான்கு தந்திகளும் தனித்தனியாக விழுவது கேட்டது. பாடகர் காந்தாரத்தில் நின்று அசைக்கும்போது வயலின் பின்னாலேயே வந்து அதே அசைவை அரை நொடி தாமதமாகப் பிடிக்கிறது. அந்த அரை நொடி இதற்கு முன் எனக்கு இவ்வளவு துலக்கமாகக் கேட்டதில்லை. கூடவே நாடாவின் இரைச்சலும் மைக்குக்குப் பக்கத்தில் யாரோ காகிதம் புரட்டுவதும் கேட்கின்றன. எனக்கு அது தொந்தரவாக இல்லை. சுத்தமான பதிவு மட்டுமே பிடிக்கும் என்பவர்கள் யோசிக்க வேண்டும்.

மிருதங்கத்தில்தான் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். சாதாரண தோல் வாத்தியத்தின் ஒலியில் அடிப்படை ஒலியோடு கூடவே எழும் மேல்ஸ்வரங்கள் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் இருக்கும். மிருதங்கத்தின் வலது பக்கமான வலந்தலையின் நடுவே இருக்கும், சாதம் எனப்படும் கறுப்புப் பூச்சு அவற்றை ஒழுங்குபடுத்தி, தந்தி வாத்தியம் போல ஸ்ருதியோடு பேச வைக்கிறது. சி.வி. ராமன் 1920இலேயே நேச்சர் இதழில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்த ஒழுங்கு கேட்க வேண்டுமென்றால் கருவி நடுப்பகுதியைக் கலக்காமல் தர வேண்டும். இது தருகிறது. 'நம்' என்ற அடி விழுந்த பிறகு அது தேய்ந்து முடியும் வரை ஸ்ருதி கலையாமல் நிற்கிறது. 'தீம்' அதைவிட உருண்டையாக, 'சாபு' கண்ணாடி விளிம்புபோல் கூராக. மூன்றும் மூன்று இடத்திலிருந்து வருவது தெரிகிறது. தாள வாத்தியம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தில் வேகம் கூடும்போதும் அடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவில்லை.

தொப்பியில்தான் எனக்குக் கவலை இருந்தது. பேலன்ஸ்டு ஆர்மேச்சருக்கு பேஸ் குறைவு என்று பலர் சொல்லக் கேட்டிருந்தேன். வலது காதில் அந்தக் கவலை தீர்ந்தது. கும்கி கொடுக்கும்போது மணிக்கட்டு தோலை அழுத்தி நகர்வதும், ஒலி வளைந்து மேலேறுவதும் முழுசாக வந்தன. ரவை பூசிய தோலின் ஈரம்கூடக் கேட்பதாகத் தோன்றியது. காது நன்றாக அடைபட்டால் உள்ளே இருக்கும் துளிக் காற்றை அசைக்க இந்தக் குட்டி டிரைவரே போதும்.

திரைப்பாடல்களில் பேஸ் கிட்டார் தனி மெட்டு ஒன்றைப் பாடிக்கொண்டு போவது நன்றாகப் பிடிபடுகிறது. பாடகர் மூச்சு இழுக்கும் இடம் தெரிகிறது. குறை என்று பார்த்தால், மொத்த இசையும் தலைக்குள்ளேயே நடக்கிறது. திறந்த ஹெட்போனில் கிடைக்கும் விசாலம் இதில் இல்லை. நாகஸ்வரத்துக்கு இது போதவில்லை என்பது என் கருத்து. ஸ்வரம் எல்லாம் சுத்தமாக வருகிறது, ஆனால் கோயில் பிராகாரத்தில் அந்தக் காற்று மேலே வந்து மோதும் உணர்வு வரவில்லை. நாகஸ்வரத்தையும் தவிலையும் வீட்டு ஸ்பீக்கரில்தான் கேட்கப் போகிறேன்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் பட்டது வால்யூம். ரயிலில் முன்பு வைத்த அளவில் இப்போது பாதிகூடத் தேவைப்படவில்லை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு, வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்டால் 80 டெசிபல். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் கேட்கத் தக்க நேரம் பாதியாகிறது: 83இல் 20 மணி, 86இல் 10 மணி. ரயில் இரைச்சலை ஜெயிக்க வால்யூமை ஏற்றும் என் போன்ற ஆட்கள் அந்த வரம்பை எளிதாகத் தாண்டிவிடுவோம். அடங்கிய வால்யூமில் கமகம், அதாவது ஸ்வரத்தின் அசைவு, முழுசாகக் கேட்கிறது என்பதற்காகவே இந்தச் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

செலவு சுங்க வரியும் சேர்த்து ரூ. 60,000ஐத் தாண்டியது. இதை நாளை வேறு யாருக்கும் விற்க முடியாது என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். இன்னொன்று, இவ்வகை இயர்போன்கள் மிகச் சிறிய மின் சைகையைக்கூட ஒலியாக்கிவிடும். சில லேப்டாப்களில் பாட்டு ஓடாதபோதே 'ஸ்ஸ்' என்று இரைகிறது. பல டிரைவர் உள்ளதால் பாட்டை ஓட்டும் கருவியின் அவுட்புட் இம்பீடன்ஸ் (வெளியீட்டு மின்தடை) அதிகமிருந்தால் ஒலியின் நிறமே மாறும். அது ஒரு ஓம் அளவுக்குள் இருக்கும், போனில் செருகும் சின்ன டாங்கிள் போதும். பெரிய ஆம்ப்ளிஃபையர் வாங்க அவசியமில்லை.

இப்போது இடது காது. அசையாமல் இருந்தால் வலதுக்குச் சமமாகத்தான் ஒலிக்கிறது. சிரித்தாலோ கொட்டாவி விட்டாலோ தொப்பி மெலிகிறது. 40 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு மெதுவாக வாயைத் திறந்து பார்த்தேன். பாதி திறக்கும்போது இடது பக்கம் ஒலி சரிந்துவிடுகிறது, மூடியதும் திரும்புகிறது. தாடை அசையும்போது காதுத் துளையின் வடிவமே மாறும். நிறுவனத்தின் படிவத்தில் வாய் மூடிய நிலையில் அச்செடுக்கச் சொல்லியிருந்தார்கள், ஆடியாலஜிஸ்ட் அதன்படிதான் எடுத்தார். "பாடறவங்களுக்கு வாய் திறந்து, பல்லுக்கு நடுவுல கட்டை வச்சு எடுப்போம் சார்" என்று அன்றே சொன்னார்.

எழுதிக் கேட்டதும் நிறுவனம் மறுப்பு சொல்லவில்லை. பொருள் கிடைத்து 30 நாளுக்குள் என்றால் வெளி ஓடு இலவசமாக மாற்றித் தருகிறார்கள், வாய் திறந்த அச்சு புதிதாக வேண்டும், அனுப்பும் கூரியர் செலவு என்னுடையது. திரும்பி வரும்போது மறுபடி சுங்க வரி கேட்காமல் இருக்க, பழுதுபார்க்க அனுப்புகிறேன் என்று காட்டும் தாள்களைக் கூரியர்காரர்களிடம் முன்கூட்டியே பேசித் தயார் செய்துகொண்டிருக்கிறேன். நீங்கள் செய்வதாக இருந்தால் பணம் கட்டும் முன்பே இந்த மூன்றையும் கேட்டுவிடுங்கள்: எத்தனை நாளுக்குள் திருத்துவார்கள், கூரியர் யார் செலவு, வாய் மூடியா திறந்தா. முடிந்தால் ஒரே உட்காரலில் இரண்டு விதமாகவும் அச்செடுத்து, இரண்டையும் அனுப்பிவிடுங்கள். சிலிக்கோனுக்கு ஆகும் கூடுதல் செலவு கூரியரோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. எனக்குச் சனிக்கிழமை காலைக்கு அதே நிலையத்தில் நேரம் கொடுத்திருக்கிறார்கள்.