ஜீனோவா, விஷ்ணுபுரமா?

மார்த்தாண்டத்தில் எங்கள் கூட்டத்தில் இப்போது என்ன வாசிக்கிறீர்கள் என்று கேட்டால் இரண்டு பெயர்தான் வருகிறது: சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’, ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’. ஒன்று அறிவியல் கதை, மற்றது மிகுபுனைவு (ஃபேன்டஸி), இரண்டையும் எப்படி ஒப்பிடுவது என்று கேட்காதீர்கள், களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போகிற பஸ்ஸில் எதை எடுப்பது என்பதுதான் எங்கள் கேள்வி.

பஸ்ஸுக்கு ஜீனோதான், அதாவது ‘என் இனிய இயந்திரா’. ஆனந்த விகடனில் தொடராக வந்தது, அதனால் எந்த அத்தியாயமும் சும்மா முடியாது. பிள்ளை பெறவே அரசு அனுமதி வேண்டும், பெயர்கூட இரண்டெழுத்துதான், நடுவில் காணாமல் போன கணவனைத் தேடும் நிலா, எல்லோரையும்விடப் புத்திசாலியான ரோபோ நாய் ஜீனோ. சுஜாதா சொன்ன எதிர்காலத்தை நாம் கடந்தே விட்டோம், நையாண்டி மட்டும் இன்னும் பழசாகவில்லை. (கதையில் நாட்டை ஆளும் ஜீவா யார் என்று யாரும் உடைக்காதீங்க மக்கா.)

விஷ்ணுபுரத்தைப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போக முடியாது. 1997இல் வந்த நாவல், எண்ணூறு பக்கத்துக்கு மேல். இரண்டாம் பகுதியான கௌஸ்துபம் காலத்தில் முதல் பகுதிக்கு முந்தையது, முழுக்கத் தத்துவ விவாதம், பாதிப் பேர் அங்கேதான் மூடி வைக்கிறார்கள். பொறுத்துப் போனால், முதலில் ஆளாகப் பார்த்தவர் பின்னால் வெறும் புராணமாகிவிடுகிற வேடிக்கை இருக்கிறதே, அதற்கு ஜீனோவிடம் பதில் இல்லை.

என் ஓட்டு விஷ்ணுபுரத்துக்கு, ஆனால் பத்தாம் வகுப்புப் பிள்ளை கேட்டால் ஜீனோவைத்தான் கொடுப்பேன்.