பெரிய பொருள், நெடுந்தூரம்: எந்த வழியில் அனுப்பினால் செலவு குறையும்?

மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்றின் எடை ஏறக்குறைய ஐம்பது கிலோ இருக்கும். அதையே கூரியர் கணக்கில் போட்டால் 321 கிலோ. இந்த இரண்டு எண்களும் ஏன் இவ்வளவு விலகி நிற்கின்றன என்று தெரியாமல் பத்து இடத்தில் கட்டணம் விசாரித்தாலும் குழப்பம்தான் மிஞ்சும்.

கணக்கு எளியது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 5000-ஆல் வகுக்கிறார்கள். 210 × 90 × 85 அளவுள்ள சோபா இப்படித்தான் 321 கிலோ ஆகிறது. விமானச் சரக்கில் வழக்கமாக 6000-ஆல் வகுப்பார்கள். அப்போதும் 268 கிலோ. உண்மையான எடை, இந்தக் கன அளவு எடை, இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். இதில் ஏமாற்று ஏதுமில்லை. சோபா மாதிரி லேசான பொருளை ஏற்றினால், எடை வரம்பை எட்டுவதற்கு வெகு முன்பே வண்டி நிரம்பிவிடும். வண்டிக்காரர் விற்பது இடத்தை.

அதனால் எந்த வழியை எடைபோட்டாலும் நான் மூன்று கேள்விகளைத்தான் கேட்பேன். பொருள் எவ்வளவு இடத்தை அடைக்கிறது? எத்தனை முறை ஏற்றி இறக்குவார்கள்? எப்போது போய்ச் சேர வேண்டும்? கிலோமீட்டர் கணக்கு இவற்றுக்குப் பிறகுதான் வருகிறது. மலிவான வழி என்று சொல்லப்படும் எல்லாவற்றிலும், இந்த மூன்றில் ஏதோ ஒன்றின் சுமையை அனுப்புகிறவரே ஏற்றுக்கொள்கிறார்.

அனுப்பாமல் விடுவது

இதையும் போட்டியில் சேர்த்தாக வேண்டும். பொருளை இங்கே விற்றால் என்ன கிடைக்கும், போகிற ஊரில் அதே தரத்தில் பழையது ஒன்று என்ன விலைக்கு வரும் என்று பாருங்கள். அந்த வித்தியாசத்தைவிட அனுப்பும் செலவு அதிகமென்றால் மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை. மரத்தூள் பலகையில் செய்த அலமாரிகள் பெரும்பாலும் இந்தச் சோதனையிலேயே விழுந்துவிடும். ஒருமுறை கழற்றி மாட்டினாலே திருகு ஓட்டைகள் தளர்ந்துபோகும் சாதி அது. கெட்டி மரம், இசைக்கருவி, மோட்டார் சைக்கிள், தாத்தா காலத்துப் பெட்டி ஆகியவை வேறு கதை. பாட்டியின் பெட்டிக்குச் சந்தை விலை பார்க்கச் சொல்லும் அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

கூரியரும் பார்சலும்

பெரிய பொருளுக்குக் கூரியர் சரிப்படாது என்று பலரும் விசாரிக்காமலே ஒதுக்கிவிடுகிறார்கள். முழுப் பொருளாக அனுப்பினால் அவர்கள் சொல்வது சரி. பிரித்துவிட்டால் கணக்கு தலைகீழாகிறது.

180 × 100 × 50 அளவுள்ள அலமாரியை அப்படியே அனுப்பினால் கன அளவு எடை 180 கிலோ. பலகை பலகையாகக் கழற்றி, 180 × 50 × 15 அளவில் இரண்டு கட்டுகளாகக் கட்டினால் ஒவ்வொன்றும் 27 கிலோ. பலகைகளின் உண்மையான எடை கட்டுக்கு 35 கிலோ அளவில் இருக்கும் என்பதால் கட்டணம் 70 கிலோவுக்கு. ஒரு திருப்புளியும் ஒரு மாலைப் பொழுதும் 110 கிலோ கட்டணத்தை மிச்சப்படுத்துகின்றன. நான் பார்த்தவரை இதற்கு நிகரான சிக்கனம் வேறெதிலும் இல்லை.

வரம்புகளைத் தெரிந்துகொண்டு கட்ட வேண்டும். அமெரிக்காவில் யூபிஎஸ், ஃபெடெக்ஸ் என்ற பெரிய கூரியர் நிறுவனங்கள் இரண்டுமே ஒரு பார்சலுக்கு 68 கிலோ எடையும் 274 சென்டிமீட்டர் நீளமும்தான் உச்சம் என்கின்றன. நீளத்தோடு சுற்றளவையும் (அகலம், உயரம் இரண்டையும் கூட்டி இரட்டித்தால் வருவது) கூட்டினால் 419 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. நமது சோபா இந்தக் கணக்கில் 560. வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அலமாரிக் கட்டு 310-ல் நிற்கிறது. இன்னும் வெகுவாகப் பெருத்திருந்தால் ‘பெரிய பார்சல்’ என்று தனிக் கட்டணம் விழுந்திருக்கும். நீளம் 122 சென்டிமீட்டருக்கு மேல் போனாலே கையாளுவதற்கென்று ஒரு தொகை சேரும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற நாடுகளில் எண்கள் மாறும். படிக்கட்டு மாதிரி ஏறும் இந்தக் கட்டண முறை மாறாது. பெட்டியை நாலு சென்டிமீட்டர் சுருக்கினால் ஒரு படி இறங்கலாம் என்றால், சுருக்கிவிட்டுத்தான் மறுவேலை.

பார்ட் லோடு லாரி

பிரிக்க முடியாத பொருளுக்கு முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான். பலருடைய சரக்கை ஒரே லாரியில் ஏற்றி, கிடங்கு கிடங்காக மாற்றி அனுப்பும் முறை. அடைக்கும் இடத்துக்கு மட்டும் பணம் என்பதால் தனி வண்டியைவிட வெகுவாகக் குறையும்.

இங்கே அடர்த்திதான் ராஜா. அமெரிக்க பார்ட் லோடு தொழிலில் சரக்குகளை 50 முதல் 500 வரை 18 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். அடக்கமான, கனமான, எளிதில் உடையாத சரக்குக்குக் கீழ் வகுப்பு, குறைந்த கட்டணம். உப்பலாக, உடையக்கூடியதாக இருந்தால் மேல் வகுப்பு. அதனால் இரும்பு லேத் மெஷினுக்கு இங்கே ராஜ மரியாதை. நாணல் பின்னிய ஊஞ்சலுக்குத் தண்டனை. அளவைக் குறைத்துச் சொல்லித் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். கிடங்கில் மறுபடி அளப்பார்கள். திருத்திய பில் பின்னாலேயே வரும்.

முதலில் சொல்லும் கட்டணத்தை நம்பி உட்காருகிறவர்கள் ஏமாறும் இடமும் இதுதான். அது பெரும்பாலும் சரக்கு மேடை உள்ள ஒரு வணிக இடத்திலிருந்து இன்னொரு வணிக இடத்துக்கான கட்டணம். வீட்டுக்கு வந்து எடுத்தால் கூடுதல், வீட்டில் கொடுத்தால் கூடுதல், வண்டியின் பின்னால் இறக்கும் தூக்கிப் பலகை வேண்டுமென்றால் கூடுதல், நேரம் குறித்து வரச் சொன்னால் அதற்கும் கூடுதல். இத்தனையும் கொடுத்த பிறகு ஓட்டுநர் பொருளைத் தெருவோரம் இறக்கிவிட்டுப் போய்விடுவார். மாடிக்குத் தூக்குவது அவருடைய வேலை இல்லை.

இதையே திருப்பிப் போட்டால் சேமிப்பு. இரண்டு முனையிலும் கிடங்கிலேயே கொடுத்து கிடங்கிலேயே எடுத்துக்கொள்வதாகச் சொல்லுங்கள். ஒரு சின்ன வண்டியும் இரண்டு நண்பர்களும் இருந்தால் மேலே சொன்ன கூடுதல்களில் பெரும்பகுதி போய்விடும். கட்டணம் கேட்கும்போதே ‘கிடங்கிலிருந்து கிடங்குக்கு’, ‘வீட்டிலிருந்து வீட்டுக்கு’ என இரண்டு தொகைகளையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

பேக்கிங்கில் கஞ்சத்தனம் கூடாது. ஒவ்வொரு கிடங்கிலும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி வந்து குத்தித் தூக்கும். பொருள் மரத் தட்டின் (பேலட்) மேல் பட்டையால் இறுக்கிக் கட்டப்பட்டிருக்க வேண்டும், தட்டின் ஓரத்தைத் தாண்டி எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. ஐரோப்பியத் தட்டு 1200 × 800 மில்லிமீட்டர். 1200 × 1000 அளவும் பரவலாகக் கிடைக்கிறது. மேல்பகுதி தட்டையாக இருந்து, இன்னொரு பொருளை மேலே அடுக்கலாம் என்றால் கட்டணம் குறைய வாய்ப்பு உண்டு. கூம்பாக விட்டால் மேலே காலியாக நிற்கும் காற்றுக்கும் சேர்த்துப் பணம் கட்டுவீர்கள்.

திரும்பும் வண்டி

ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவரத்தில், சரக்கு லாரிகள் ஓடும் தூரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு காலியாகவே ஓடுகிறது. சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும் ஓட்டுநருக்கு, டீசல் செலவுக்கு மேல் எது கிடைத்தாலும் லாபம். அந்தக் காலியிடத்தில் உங்கள் பொருளை ஏற்ற முடிந்தால் அதைவிட மலிவு அரிது. இப்படிப்பட்ட வண்டிகளைத் தேடித்தரும் ஏலத் தளங்கள் பல நாடுகளில் உண்டு: பொருளின் படத்தையும் அளவையும் போட்டால் வண்டிக்காரர்கள் தொகை கேட்பார்கள்.

இன்னொரு நன்மை பணத்தில் தெரியாது. ஒரே வண்டியில் ஏறி அதே வண்டியில் இறங்குவதால் நடுவில் கிடங்கு மாற்றம் இருக்காது. ஏற்றி இறக்கும் தடவைகள் குறைந்தால் சேதமும் குறைகிறது. மெத்தைப் போர்வையால் சுற்றிக் கட்டினாலே போதும். மரக்கூடு அடிக்கத் தேவையில்லை.

விலையாகக் கொடுப்பது நிச்சயத்தை. ‘செவ்வாய்க்கிழமைக்குள் வந்தாக வேண்டும்’ என்றால் இந்த வழியை மறந்துவிடுங்கள். ‘இந்த மாதத்துக்குள் என்றைக்கு வந்தாலும் சரி’ என்று சொல்லக்கூடியவருக்குத்தான் நல்ல தொகை கிடைக்கும். போக்குவரத்து அதிகமுள்ள பெருநகரங்களுக்கு இடையே இது பிரமாதமாக வேலை செய்யும். முட்டுச்சந்து ஊருக்கு மாதக்கணக்கில் யாரும் தொகை கேட்க மாட்டார்கள்.

ஆளைச் சரிபார்க்காமல் பொருளைக் கொடுக்கக் கூடாது. பேசுகிறவர் வண்டி வைத்திருப்பவரா, கைமாற்றிவிடும் தரகரா என்பதை முதலிலேயே கேளுங்கள். தரகர் என்பதால் தவறில்லை, ஆனால் பொருள் உடைந்தால் பொறுப்பு யாருடையது என்பது மாறிவிடும். வண்டியின் பதிவும் சரக்குக் காப்பீடும் பார்த்துவிட வேண்டும். மற்ற எல்லோரையும்விடப் பாதி விலைக்கு ஒருவர் வந்து முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்டால், அந்த உரையாடலை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

வீடு மாற்றித்தரும் நிறுவனம்

பலருடைய வீட்டுச் சாமான்களைச் சேர்த்து ஏற்றும்போது உங்கள் ஒற்றைப் பொருளையும் ஏற்றிக்கொள்வார்கள். ஆனால் குறைந்தபட்சக் கட்டணம் என்று ஒன்று இருக்கும். ஒரு நாற்காலிக்கும் ஒரு அறைச் சாமானுக்கும் அதே தொகை. ஆகவே ஒற்றைப் பொருளுக்கு இது மலிவான வழியல்ல, பியானோ ஒன்றைத் தவிர. நிமிர்ந்த பியானோ 200 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். படிக்கட்டில் அதை இறக்கத் தெரிந்தவர்களுக்குக் கொடுக்கும் பணத்தை நான் செலவில் சேர்க்க மாட்டேன்.

பஸ்ஸும் ரயிலும்

சரக்கு எடுக்கும் பஸ், ரயில் சேவை உங்கள் வழித்தடத்தில் இருந்தால் நடுத்தர அளவுப் பொருளுக்கு நல்ல பேரம். நிலையத்தில் கொடுத்து நிலையத்தில் எடுக்க வேண்டும் என்பதும், பஸ்ஸின் அடிப்பெட்டிக் கதவுக்குள் நுழைய வேண்டும் என்பதும்தான் நிபந்தனை. சைக்கிள், மடித்த மெத்தை, தொலைக்காட்சிப் பெட்டி இதற்குப் பொருந்தும். ரயிலில் மோட்டார் சைக்கிள் அனுப்புவதென்றால் முதலில் டேங்கில் உள்ள பெட்ரோலை வடித்துவிட வேண்டியிருக்கும்.

தானே ஓட்டிப் போவது

வாடகை வேன் எடுத்துத் தானே ஓட்டுவதுதான் மலிவு என்பது பரவலான நம்பிக்கை. எரிபொருள், சுங்கம், வழியில் தங்கும் இரவுகள், வேறு ஊரில் வண்டியை விடுவதற்கான ஒருவழிக் கட்டணம், கடைசியாகத் திரும்பி வரும் டிக்கெட் எல்லாவற்றையும் கூட்டினால் அந்த நம்பிக்கை நிற்பதில்லை. நீங்களே குடிபெயர்கிறீர்கள் என்றாலும், வேன் நிறையச் சாமான் இருக்கிறது என்றாலும் கதை வேறு. ஒரு விதிவிலக்கு உண்டு: ஓர் ஊரில் தேங்கிப்போன வண்டிகளை இன்னோர் ஊருக்குக் கொண்டுசேர்க்க வாடகை நிறுவனங்கள் சில சமயம் மிகக் குறைந்த வாடகைக்குக் கொடுப்பதுண்டு. தேதியும் நாள்கணக்கும் அவர்கள் சொல்கிறபடிதான். பொருந்திவந்தால் அடித்தது யோகம்.

கன்டெய்னரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இருபதடிக் கன்டெய்னரின் உட்புறம் சுமார் 33 கன மீட்டர். நமது சோபா 1.6 கன மீட்டர்தான். விமானம் மலிவைத் தேடுகிறவருக்கானது அல்ல.

உடைந்தால் யார் பொறுப்பு?

மலிவான கட்டணங்களை ஒப்பிடும்போது பலரும் விட்டுவிடும் பத்தி இது. ‘காப்பீடு உண்டு’ என்று வாயால் சொல்வதற்கும் முழு மதிப்புக் கிடைப்பதற்கும் சம்பந்தமில்லை. சரக்கு ஏற்றுகிறவரின் பொறுப்பு பெரும்பாலும் எடைக் கணக்கில்தான் வரும். அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் வீட்டுச் சாமான் கொண்டுபோகும்போது, கூடுதல் கட்டணமின்றிக் கிடைக்கும் அடிப்படைப் பொறுப்பு பவுண்டுக்கு 60 சென்ட். 20 கிலோ தொலைக்காட்சி தூள்தூளானாலும் கைக்கு வருவது ஏறக்குறைய 26 டாலர். கட்டணம் கணக்கிடும்போது கன அளவு, நஷ்டஈடு கணக்கிடும்போது உண்மை எடை என்பது இந்தத் தொழிலின் சாமர்த்தியம். விலையுயர்ந்த பொருளென்றால் தனிக் காப்பீட்டின் பிரீமியத்தையும் கூட்டிய பிறகே இரண்டு வழிகளை ஒப்பிட வேண்டும். அப்போது வரிசை மாறக்கூடும்.

பேக்கிங் செய்வதற்கு முன்பும் பின்பும் எல்லாப் பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பொருள் வந்ததும் ஓட்டுநர் ரசீதை நீட்டி அவசரப்படுத்துவார். உறையில் கிழிசலோ நசுங்கலோ தெரிந்தால் அதை ரசீதிலேயே எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். வெறும் கையெழுத்துப் போட்டால் நல்ல நிலையில் பெற்றுக்கொண்டதாகவே கணக்கு. பிரித்த பிறகு தெரியும் சேதத்துக்கும் கெடு உண்டு: ஐரோப்பாவில் நாடுகளுக்கிடையிலான சாலைச் சரக்குக்குப் பொருந்தும் சிஎம்ஆர் உடன்படிக்கையில், ஞாயிறும் விடுமுறையும் நீங்கலாக ஏழு நாட்கள். உங்கள் ரசீதில் என்ன கெடு அச்சிட்டிருக்கிறது என்பதைப் புக்கிங் செய்யும் அன்றே படித்துவிடுங்கள். புதுவீட்டு வேலையில் பெட்டியைப் பத்து நாள் பிரிக்காமல் மூலையில் வைத்திருப்பவர்கள்தான் அதிகம்.