விண்ணப்பப் படங்களுக்கு மைஎஸ்கியூஎல்: ஈராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

உறுப்பினர் விண்ணப்பப் படிவத்தின் வழியே பதிவேற்றப்படும் முகப்படங்களைக் கோப்புறையில் வைக்காமல், மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்துக்குள்ளேயே இரண்டு ஆண்டுகளாகச் சேமித்து வருகிறேன். சிறிய படங்களுக்கு இது நம்பத்தகுந்த ஏற்பாடு. ஆனால் அட்டவணையை அமைக்கும் நாளிலேயே நெடுவரிசையின் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

கோப்பின் பைட்டுகளை அப்படியே சேமிக்கும் வகையான ‘பிளாப்’ என்று மட்டும் குறித்தால் அந்த நெடுவரிசையில் 65,535 பைட்டுகள்தாம் அடங்கும். தொடக்கத்தில் அதைத்தான் வைத்திருந்தேன். நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த சர்வரில், பொருந்தாத தரவை மறுக்கும் அமைப்பான ‘ஸ்ட்ரிக்ட் மோடு’ அணைக்கப்பட்டிருந்ததால், அளவு மீறிய படங்களைத் தரவுத்தளம் மறுக்கவில்லை. மிஞ்சிய பகுதியை வெட்டிவிட்டு, யாரும் படிக்காத ஓர் எச்சரிக்கையோடு பதிவு செய்துகொண்டது. அப்படியான ஒரு படத்தைத் திறந்தபோது நெற்றியும் கண்களும் தெளிவாகத் தெரிந்தன. மூக்குக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். வெட்டுப்பட்ட பகுதி வேறெங்கும் இல்லாததால், விண்ணப்பித்தவர்களிடம் மறுபடியும் படம் கேட்க வேண்டியதாயிற்று. மைஎஸ்கியூஎல்லின் 5.7ஆம் பதிப்பிலிருந்து ஸ்ட்ரிக்ட் மோடு இயல்பாகவே இயங்குகிறது என்றாலும், உங்கள் சர்வரில் அது இயங்குகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஏறத்தாழ 16 எம்பி வரை கொள்ளும் ‘மீடியம்பிளாப்’ வகைக்கு மாறிய பிறகு இச்சிக்கல் திரும்பவில்லை.

நான் மிகவும் மதிப்பது வேறொன்று. விண்ணப்பதாரரின் விவரங்களும் படமும் ஒரே டிரான்சாக்‌ஷனில் பதிவாவதால், இடையில் பிழை நேர்ந்தால் இரண்டுமே பதிவாவதில்லை. படமில்லாத விண்ணப்பமோ, யாருடையது என்று தெரியாத படமோ மிஞ்சுவதில்லை. பேக்கப்பும் ஒன்றே போதும்.

படிவத்தின் பக்கம் கவனிக்க வேண்டியவை சில உண்டு. கோப்புகளை அனுப்பத் தேவையான ‘மல்டிபார்ட்’ குறியாக்கத்தைக் குறிப்பிட மறந்தால் கோப்பின் பெயர் மட்டுமே வந்து சேரும். சர்வரில் படிவத்தைக் கையாளும் நிரல்மொழியான பிஎச்பியின் இயல்பான பதிவேற்ற வரம்பு 2 எம்பி; கைப்பேசியில் எடுத்த படங்கள் பெரும்பாலும் அதைத் தாண்டிவிடும் என்பதால், வரம்பைப் படிவத்திலேயே எழுதிவிடுவது விண்ணப்பிப்பவருக்குச் செய்யும் மரியாதை. கோப்பின் பின்னொட்டை நம்பாமல் உள்ளடக்கத்தையே சோதிக்க வேண்டும். படத்தை வெறும் எழுத்துகளாக்கும் பேஸ்64 முறைக்கு மாற்றிச் சேமித்தால் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும். பிளாப் இருக்கையில் அது வீண்.

குறை என்றால், பட்டியல் பக்கத்துக்காக எல்லா நெடுவரிசைகளையும் கேட்கும் ஒரு வினவல் அத்தனை படங்களையும் சேர்த்து இழுத்து வந்து பக்கத்தைத் திணறடித்துவிடும். அதனால் படங்களைத் தனி அட்டவணைக்கு மாற்றினேன். பெரிய படத்தொகுப்புகளுக்கு இந்த முறையைப் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றைக் கோப்புறையில் வைத்து, பாதையை மட்டும் தரவுத்தளத்தில் எழுதுவதே நல்லது.