மூன்று வருட கிளவுட் பேக்கப்: ‘அவைலபிள்’ என்றால் நம்பிவிடாதீர்கள்

“மச்சான், உங்க டேட்டாபேஸ் பேக்கப் எல்லாம் தானா ஓடுதாமே, நாங்களும் அதையே எடுக்கலாமா?” என்று கல்லூரி நண்பன் போன வாரம் கேட்டான். வாட்ஸ்அப்பில் ஆரம்பித்த பதில் நீண்டுகொண்டே போனதால் இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் வைத்திருப்பது போஸ்ட்கிரஸ் கிளஸ்டர், மேனேஜ்டு சேவை, அதாவது பராமரிப்பைக் கிளவுட் நிறுவனமே பார்த்துக்கொள்ளும். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். பேக்கப்பில் குறையே சொல்ல முடியாது. 14 நாள் வைத்திரு என்று முதல் நாள் சொன்னோம், அப்புறம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை.

தலைவலி பேக்கப்பிலிருந்து டேட்டாவை மீட்கும் ரீஸ்டோரில்தான். இருக்கும் கிளஸ்டரைத் தொடாது, பக்கத்தில் புது முகவரியோடு இன்னொன்றைக் கட்டித் தரும். சரி, அதில் நியாயம் உண்டு; கெட்டதையும் நல்லதையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் ஸ்கிரிப்ட் மூலம் கேட்டால் டேட்டா மட்டும் இருக்கும் வெறும் கிளஸ்டர்தான் வரும். ஸ்டேட்டஸ் ‘அவைலபிள்’ என்று காட்டும், கனெக்ட் செய்தால் யாரும் இல்லை. டேட்டாபேஸை ஓட்டும் சர்வரான இன்ஸ்டன்ஸை நாம்தான் தனியாக உருவாக்க வேண்டும். பந்தல் ரெடி, சமையல்காரர் வரவில்லை என்கிற கதை. திரையில் பட்டனை அழுத்தினால் இரண்டும் சேர்ந்தே வருகிறது என்பதுதான் கூடுதல் எரிச்சல்.

ஒருநாள் காலை 11:42க்கு டீமில் ஒருவர், எந்த வரிசைகளை மாற்றுவது என்று சொல்லும் ‘வேர்’ (WHERE) இல்லாமல் ஒரு அப்டேட்டை ஓட்டிவிட்டார். கை நடுங்க ஸ்கிரிப்டில் 11:40 என்று கொடுத்தேன். அந்த நேரமே இன்னும் வரவில்லை என்று எரர். அதற்கு யூடிசி வேண்டும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும் உலகப் பொது நேரம்; அதாவது 6:10. நல்லவேளை, வருங்காலத்தைக் கேட்டேன். இதுவே சாயங்காலம் ஆறு மணிக்குக் கவனித்து அதே 11:40ஐக் கொடுத்திருந்தால், தப்பான நேரத்தை மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்திருக்கும்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் ஒத்திகை: தானே ரீஸ்டோர் செய்து, முக்கிய டேபிள்களில் வரிசைகளை எண்ணி, கிளஸ்டரை அழித்துவிட்டு மெசேஜ் போடும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற நிரல் சேமிப்புத் தளத்தில் பிரதான டேட்டாபேஸ் தவறுதலாக அழிந்தபோது, பேக்கப் இருக்க வேண்டிய எஸ்3 பக்கெட் (அமேசானின் கிளவுட் சேமிப்பிடம்) காலி. 9.6 பதிப்பு டேட்டாபேஸுக்கு, பேக்கப் எடுக்கும் பிஜி டம்ப் நிரலின் பழைய 9.2 பதிப்பு ஓடித் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது; எச்சரிக்கை மெயிலும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. சுமார் ஆறு மணி நேரத் தரவு போனது. அதைப் படித்தபின் ரீஸ்டோர் செய்து பார்க்காத பேக்கப்பை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஒத்திகையிலும் ஒரு அடி வாங்கினேன். கிளஸ்டரை அழிக்கும்போது கடைசி ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து முழு நகல்) வேண்டாம் என்று ஸ்கிரிப்டில் சொல்லவில்லை. வாரத்துக்கு ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போனது. பில் வந்துதான் தெரிந்தது. தப்பு என்னுடையதுதான், கோபம் என்னவோ அவர்கள் மேல்.

இத்தனைக்கும் ஒரு வரிசைகூடத் தொலைந்ததில்லை. ஆனாலும் இன்றைக்குக் கேட்டால் எடுக்காதே என்றுதான் சொல்வேன், நண்பா. இதை எழுதும்போதே இந்த வார ஒத்திகை கிளஸ்டர் ‘அவைலபிள்’ என்கிறது. இன்ஸ்டன்ஸ் இன்னும் எழுந்திருக்கவில்லை.