பீக்கன் பை: மேப்பிள் சிரப்பா, தேனா?

பீக்கன் பை என்பது மாவு ஓட்டுக்குள் பீக்கன் பருப்பும் (வால்நட் போன்றது) இனிப்புக் கலவையும் நிரப்பிச் சுடும் பண்டம். இனிப்புக்கு மேப்பிள் சிரப்போ (மேப்பிள் மரச் சாற்றைக் காய்ச்சிய பாகு) தேனோ சேர்க்கலாம். 9 அங்குலத் தட்டுக்கு 3 முட்டை, 60 கிராம் உருக்கிய வெண்ணெய், அரை டீஸ்பூன் உப்பு, 2 கப் பீக்கன் பருப்பு. இதுவரை இரண்டுக்கும் ஒன்றுதான்.

மேப்பிள் சிரப்பில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். அப்படியே ஊற்றினால் நடுப்பகுதி இறுகாது. வெட்டியதும் வழியும், அடியில் உள்ள மாவு ஓடும் நமுத்துப்போகும். ஒன்றரைக் கப் சிரப்பை ஒரு கப்பாகச் சுண்டக் காய்ச்சுங்கள். பெரிய பாத்திரமாக எடுங்கள், பாலைப் போலப் பொங்கும். வெதுவெதுப்பாக ஆறியபின் முட்டையில் சேருங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் முட்டை வெந்து திரிதிரியாகிவிடும். 175 டிகிரி செல்சியஸில் சுமார் 50 நிமிடம்.

தேனில் தண்ணீர் ஏறத்தாழ 18 சதவீதமே, காய்ச்சும் வேலை மிச்சம். இனிப்பு தூக்கலாக இருப்பதால் முக்கால் கப் தேன், கால் கப் கிரீம் போதும். ஆனால் தேன் சீக்கிரம் சிவந்து கருகும். அடுப்பை 160-க்கு இறக்கி, 30-வது நிமிடத்தில் மேலே அலுமினியத் தாள் போடுங்கள். அடர்நிறத் தேன் வேண்டாம், பருப்பின் மணத்தையே அமுக்கிவிடும். அவசரத்துக்குத் தேன் சரி, ருசிக்கு மேப்பிள்தான்.

தட்டை அசைத்தால் ஓரம் அசையாமல் நடு மட்டும் லேசாகத் தளும்பினால் இறக்கலாம். நடுவில் குத்திப் பார்த்தால் வெப்பமானி 93 டிகிரி காட்டும். எதுவானாலும் 4 மணி நேரம் ஆறாமல் கத்தி வைக்காதீர்கள்.